பள்ளி முதல்வருக்கு மேலே இருப்பவர்கள்: அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

ஒரு பேருந்து நாள்தோறும் தாமதமாக வந்தால் பயணிகள் முதலில் ஓட்டுநரைத்தான் திட்டுவார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிபவர் அவர்தான். வண்டியின் பிரேக்கைச் சரிபார்த்து அனுப்ப வேண்டியது பணிமனை; நேர அட்டவணையை வகுப்பதும், ஒரு நடை முடித்து வந்தவரை ஓய்வில்லாமல் அடுத்த நடைக்கு அனுப்புவதும் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள். ஓட்டுநர் திறமையற்றவராக இருக்கவும் கூடும். ஆனால் அடுத்தடுத்து மூன்று ஓட்டுநர்களை மாற்றிய பிறகும் தாமதம் தொடர்கிறது என்றால், பணிமனைக்குள் போய்ப் பார்ப்பதே முறை.

அமெரிக்காவில் ஒரு பள்ளி பின்தங்கும்போது நடக்கும் விவாதமும் பெரும்பாலும் ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது. முதல்வரை மாற்றினால் பள்ளி தேறிவிடும் என்று ஒரு தரப்பும், முதல்வர்களுக்கு இன்னும் நாலு பயிற்சி வகுப்புகள் நடத்தினால் போதும் என்று மறு தரப்பும் பேசுகின்றன. முதல்வருக்கு மேலே இருக்கும் அலுவலகம் எப்படி அமைந்திருக்கிறது, அங்கே யாருடைய நேரம் எதில் செலவாகிறது என்பது அரிதாகவே பேச்சில் வருகிறது. அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் முதல்வர்களுக்குத் துணை நிற்க வேண்டுமானால் அவர்களுக்கு என்னென்ன வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பள்ளி மாவட்டம் என்றால் என்ன

அமெரிக்க அரசியல் சாசனம் கல்வியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே அது மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்களோ பள்ளிகளை நடத்தும் அன்றாட வேலையைப் பள்ளி மாவட்டங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. பள்ளி மாவட்டம் என்பது ஒரு குறிப்பிட்ட பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அமைப்பு. வருவாய்த் துறை, காவல் துறை போன்றவற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. அளவில் இவற்றுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. நியூயார்க் நகரத்தின் மாவட்டத்தில் ஒன்பது லட்சம் அளவில் மாணவர்கள் படிக்கிறார்கள். ஹவாயில் மாநிலம் முழுவதும் ஒரே மாவட்டம். ஆயிரம் மாணவர்கள்கூட இல்லாத மாவட்டங்களும் ஏராளம்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பள்ளி வாரியம் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அதன் உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாரியம் ஒரு தலைமை நிர்வாகியை நியமிக்கிறது; சூப்பரின்டென்டென்ட் என்பது அவருடைய பதவிப் பெயர். அவருக்குக் கீழே பணியாளர் நியமனம், நிதி, பாடத்திட்டம், சிறப்புக் கல்வி, கட்டடப் பராமரிப்பு, போக்குவரத்து எனப் பல பிரிவுகள் இயங்கும். இவை எல்லாவற்றையும் சேர்த்துத் தலைமை அலுவலகம் என்போம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு முதல்வர் இருக்கிறார். பெரிய மாவட்டங்களில் தலைமை நிர்வாகிக்கும் முதல்வர்களுக்கும் இடையில் இன்னொருவரும் இருக்கிறார். அவரை முதல்வர்களின் மேற்பார்வையாளர் என்று இங்கே அழைப்போம். நம் கதையில் முக்கியமான பாத்திரம் அவர்தான், பொதுமக்களில் பலருக்கு அப்படி ஒரு பதவி இருப்பதே தெரியாது என்றாலும்.

சுருக்கமாக: வாரியம் கொள்கையை வகுக்கிறது, தலைமை நிர்வாகி அதை நடத்துகிறார், மேற்பார்வையாளர் முதல்வர்களைப் பார்த்துக்கொள்கிறார், முதல்வர் பள்ளியைப் பார்த்துக்கொள்கிறார்.

முதல்வர் ஒருவரால் எவ்வளவு மாறும்

மாணவர்களின் கற்றலைப் பாதிக்கும் பள்ளி சார்ந்த காரணிகளில் முதலிடம் வகுப்பறைக் கற்பித்தலுக்கு, அடுத்த இடம் பள்ளித் தலைமைக்கு என்று 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கூறியது. 2021-இல் ஜேசன் கிரிசம், அன்னா எகலைட், கான்ஸ்டன்ஸ் லிண்ட்சே ஆகிய மூவர், அதற்கு முந்தைய இருபது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி அளவைத் துல்லியப்படுத்தினார்கள். முதல்வர்களைத் திறன் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து கால் பங்கு இடத்தில் இருப்பவருக்குப் பதிலாக முக்கால் பங்கு இடத்தில் இருப்பவர் வந்தால், அந்தப் பள்ளியின் சராசரி மாணவர் ஓராண்டில் கணிதத்தில் சுமார் 2.9 மாதங்களுக்கும் வாசிப்பில் சுமார் 2.7 மாதங்களுக்கும் இணையான கூடுதல் கற்றலைப் பெறுகிறார் என்பது அவர்களுடைய மதிப்பீடு. ஒரு நல்ல ஆசிரியரால் ஒரு வகுப்புக்குக் கிடைக்கும் பயனோடு ஒப்பிடக்கூடிய அளவு இது. ஆனால் முதல்வரின் தாக்கம் பள்ளியின் எல்லா மாணவர்களையும் சென்றடைகிறது.

இந்த எண்களைக் காட்டித்தான் ‘நல்ல முதல்வரைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும்’ என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. எண்கள் சொல்வது அதுவன்று. முதல்வர் நேரடியாகக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவதில்லை. நல்ல ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்தல், அவர்களைத் தக்கவைத்தல், அவர்கள் பாடம் நடத்துவதைப் பார்த்துப் பயனுள்ள கருத்துச் சொல்லுதல், அவர்கள் கூடித் திட்டமிட நேரம் ஒதுக்குதல் ஆகியவற்றின் வழியாகவே அவருடைய தாக்கம் வகுப்பறையை எட்டுகிறது. கற்பித்தலை மையமாக வைத்துப் பள்ளியை நடத்தும் இந்த முறைக்குக் கற்பித்தல் தலைமை என்று பெயர். மேலே சொன்ன ஒவ்வொரு வேலையிலும் தலைமை அலுவலகத்தின் கை இருக்கிறது. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதற்கு விண்ணப்பதாரர் பட்டியல் வேண்டும். அது நியமனப் பிரிவின் கையில். கூடித் திட்டமிட நேரம் ஒதுக்க வேண்டுமானால் கால அட்டவணை இடம் கொடுக்க வேண்டும். பேருந்து வரும் நேரமும் ஆசிரியர் சங்கத்துடனான ஒப்பந்தமும் அதை நெருக்குகின்றன.

இதோடு முதல்வர்கள் நிலைத்திருப்பதும் இல்லை. 2020-21 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் முதல்வர்களாக இருந்தவர்களில் அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் இருந்தவர்கள் சுமார் 80 விழுக்காட்டினர். சுமார் 11 விழுக்காட்டினர் முதல்வர் பணியையே விட்டுவிட்டார்கள். ஒரு பள்ளியில் நல்ல பழக்கங்கள் வேரூன்றச் சில ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், முதல்வரை மாற்றுவதையே தீர்வாக நம்பும் மாவட்டம் தன் கையாலேயே அந்த வேரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடுவில் இருப்பவர்: மேற்பார்வையாளர்

மேற்பார்வையாளர் பதவி பல காலம் விதிகளைச் சரிபார்க்கும் பதவியாகவே இருந்தது. தீயணைப்புப் பயிற்சி நடந்ததா, படிவங்கள் வந்தனவா, பெற்றோரின் புகாருக்குப் பதில் போயிற்றா என்று பார்ப்பதும், எங்காவது பிரச்சினை வெடித்தால் ஓடிப் போய் அணைப்பதும்தான் வேலை. பெரிய நகர மாவட்டங்களின் கூட்டமைப்பான கவுன்சில் ஆஃப் த கிரேட் சிட்டி ஸ்கூல்ஸ் 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் சராசரியாக 24 பள்ளிகள் இருந்தது தெரியவந்தது. ஒருவர் பொறுப்பில் எத்தனை பள்ளிகள் என்பதை மேற்பார்வைச் சுமை என்று குறிப்பிடுவோம்.

இருபத்து நான்கு என்பதன் பொருளை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதத்தில் பள்ளி வேலை நாட்கள் இருபது என்று வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகக் கூட்டங்களுக்கும் அவசரங்களுக்கும் பாதி போனால் மிஞ்சுவது பத்து நாட்கள். ஒரு நாளைக்கு இரண்டு பள்ளிகள் வீதம் சுற்றினாலும் மாதத்தில் எல்லாப் பள்ளிகளையும் ஒரு முறை எட்டிப் பார்க்க முடியாது. எட்டிப் பார்த்தவற்றிலும் அரை நாளுக்கு மேல் தங்க வழியில்லை. அந்த அரை நாளில் முதல்வரின் அறையில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்க்கலாம். அவரோடு வகுப்பறைகளுக்குள் போய், பார்த்ததைப் பேசி, போன முறை பேசியது நடந்ததா என்று தொடர்வது இயலாத காரியம்.

தொடர்வது என்றால் என்ன என்பதற்கு ஒரு காட்சியைக் கற்பனை செய்யலாம். நான்காம் வகுப்பில் பின்னங்கள் பாடம். நான்கில் மூன்று பெரியதா, மூன்றில் இரண்டு பெரியதா என்று ஆசிரியர் பலகையில் கட்டங்கள் வரைந்து தெளிவாக விளக்குகிறார். மாணவர்கள் அமைதியாகக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். வெளியே வந்ததும் முதல்வர், “பாடம் நன்றாகப் போனது, வகுப்பும் கட்டுப்பாடாக இருந்தது” என்கிறார். மேற்பார்வையாளர் மறுத்துப் பேசுவதில்லை. “ஜன்னல் ஓரம் இருந்த மூன்று பேரின் குறிப்பேட்டைப் பார்த்தீர்களா? என்ன எழுதியிருந்தார்கள்?” என்று மட்டும் கேட்கிறார். முதல்வர் பார்க்கவில்லை. இருவரும் திரும்பிப் போய்ப் பார்க்கிறார்கள். மூவரும் பலகையில் இருந்த கட்டங்களை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். எது பெரியது என்ற கேள்விக்கு விடை எழுதவே இல்லை. இப்போது பேச்சு, ஆசிரியர் எப்படி விளக்கினார் என்பதை விட்டு, மாணவருக்கு என்ன புரிந்தது என்பதற்கு நகர்கிறது. அந்த ஆசிரியரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று இருவரும் பேசி முடிவு செய்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து மேற்பார்வையாளர் மறுபடி வந்து அதே வகுப்பில் அதே இடத்தைப் பார்க்கிறார்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. ஆனால் அந்த இரண்டாவது வருகை நடக்க வேண்டுமானால் மேற்பார்வைச் சுமை குறைய வேண்டும், அவசர வேலைகளை வேறு யாராவது ஏற்க வேண்டும், மேற்பார்வையாளருக்கே கற்பித்தலைக் கூர்ந்து பார்க்கும் பயிற்சி இருக்க வேண்டும். கல்வித் திட்டங்களுக்கு நிதி தரும் வாலஸ் அறக்கட்டளை 2014-இல் பால்டிமோர் நகரம், பிரோவர்ட் கவுண்டி, கிளீவ்லாந்து, டி மோய்ன், லாங் பீச், மினியாபொலிஸ் ஆகிய ஆறு மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் இந்த மாற்றங்களை ஒன்றாகச் செய்ய முயன்றது. அங்கே சராசரி மேற்பார்வைச் சுமை 17-இலிருந்து 12-ஆகக் குறைந்தது. மாநிலக் கல்வித் தலைவர்களின் கூட்டமைப்பு 2015-இல் இப்பதவிக்கென்றே மாதிரித் தர வரையறைகளை வெளியிட்டது, வரையறைகள் எட்டு.

சுமையைக் குறைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. பன்னிரண்டு பள்ளிகளை வைத்துக்கொண்டும் ஒருவர் படிவங்களையே சரிபார்த்துக்கொண்டிருக்க முடியும். எண்ணிக்கை குறைவது நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது பதவியின் வரையறையில் எழுதப்பட்டிருந்தாலொழிய, காலியான இடத்தை அடுத்த அவசரம் வந்து நிரப்பிவிடும்.

இதுவரை பார்த்தது: மேற்பார்வையாளருக்குக் குறைந்த பள்ளிகள், தெளிவான வேலை வரையறை, வகுப்பறையைப் படிக்கும் பயிற்சி ஆகிய மூன்றும் ஒருசேரத் தேவை.

தலைமை அலுவலகத்தின் மற்ற மேசைகள்

மேற்பார்வையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தலைமை அலுவலகத்தின் பிற பிரிவுகள் பழைய வழியிலேயே இயங்கினால், அவர் முதல்வருக்கும் அலுவலகத்துக்கும் இடையே தூது போகும் ஆளாகவே முடிந்துவிடுவார். ஆசிரியர் நியமனத்தை எடுத்துக்கொள்ளலாம், ஏனெனில் சிக்கல் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

ஒரு கணித ஆசிரியர் ஓய்வுபெறப் போகிறார். அவர் அதை வசந்த காலத்திலேயே மனதில் முடிவு செய்திருந்தாலும், முறையாக அறிவிக்க வேண்டிய கெடு தாமதமாக இருந்தால் கோடையில்தான் சொல்வார். பெரும்பாலான மாவட்டங்களின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. மாநிலத்தின் நிதி ஒதுக்கீடு உறுதியாகும் வரை புதிய பணியிடங்களை நிரப்ப நிதிப் பிரிவு தயங்கும். ஆசிரியர் சங்கத்துடனான ஒப்பந்தம் சில மாவட்டங்களில் இன்னொரு நிபந்தனை வைக்கிறது: வேறு பள்ளியிலிருந்து மாற விரும்பும் மூத்த ஆசிரியர்களுக்கு இடம் கொடுத்து முடித்த பிறகே வெளியாட்களை எடுக்க முடியும். இப்படி ஒவ்வொரு மேசையிலும் நியாயமான காரணத்தோடு கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகி, ஆகஸ்டில் முதல்வருக்கு அனுமதி கிடைக்கும்போது நல்ல விண்ணப்பதாரர்கள் ஏப்ரலிலேயே அழைப்புக் கொடுத்த பக்கத்துப் புறநகர் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டிருப்பார்கள். பள்ளி திறந்த நாளில் வகுப்பில் நிற்பவர் தற்காலிக ஆசிரியர். ஆண்டு இறுதியில் கணித மதிப்பெண் குறைந்தால் பதில் சொல்பவர் மட்டும் முதல்வர்.

எந்தப் பிரிவும் இங்கே தன் விதியை மீறவில்லை. பிரிவுகள் ஒவ்வொன்றும் தத்தம் விதிகளின்படி அளக்கப்படுகின்றன. பள்ளிக்கு ஆசிரியர் கிடைத்தாரா என்ற முடிவை வைத்து எதுவும் அளக்கப்படவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெரிடித் ஹோனிக் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் கருத்து இதைத் தொட்டதே: தலைமை அலுவலகத்தின் ஒவ்வொரு வேலையும் கற்பித்தலுக்கு எப்படி உதவுகிறது என்ற கேள்வியிலிருந்து மறுபடி வடிவமைக்கப்பட வேண்டும். பெயர்ப் பலகைகளை மாற்றுவதும் பிரிவுகளைப் படத்தில் இடம் மாற்றி வரைவதும் அதைச் செய்துவிடாது. ஓய்வு அறிவிப்பை முன்கூட்டியே தருபவருக்குச் சிறு ஊக்கத்தொகை, தேவை அதிகமுள்ள பள்ளிகளுக்கு முதலில் நியமன அனுமதி, ஒரு பள்ளிக் குழுவுக்கென்று நியமனப் பிரிவில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒருவர் போன்ற சாதாரணமான ஏற்பாடுகள் செய்துவிடும்.

இதைத் தனியொரு பிரிவுத் தலைவரால் சாதிக்க முடியாது என்பதால்தான் தலைமை நிர்வாகி நேரடியாக இறங்க வேண்டியிருக்கிறது. அவருக்கு மட்டுமே எல்லா மேசைகள் மீதும் அதிகாரம் உண்டு.

நாளைய முதல்வர்களை இன்றே உருவாக்குதல்

காலியிடம் வந்தபின் ஆள் தேடும் மாவட்டம், கிடைப்பவரை எடுத்துக்கொள்ளும். இதற்கு மாற்றாக, முதல்வருக்கு வேண்டிய திறன்களை வரையறுத்தல், அதற்கேற்பத் துணை முதல்வர்களையும் ஆசிரியர்களையும் முன்கூட்டியே தயார்செய்தல், கவனமாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்தமான பள்ளியில் அமர்த்துதல், முதல் சில ஆண்டுகள் உடன்நின்று வழிகாட்டுதல் என்று ஒன்றோடொன்று கோத்துச் செய்யும் ஏற்பாட்டை முதல்வர் உருவாக்கத் தொடர் என்று அழைக்கலாம். 2011-இல் வாலஸ் அறக்கட்டளையின் ஆதரவுடன் நியூயார்க் நகரம், டென்வர், ஷார்லட்-மெக்லன்பர்க், குவின்னெட் கவுண்டி, ஹில்ஸ்பரோ கவுண்டி, பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டி ஆகிய ஆறு பெரிய மாவட்டங்கள் இதைத் தொடங்கின.

ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இம்மாவட்டங்களில் புதிய முதல்வர் அமர்த்தப்பட்ட பள்ளிகள் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ கழிந்தபின், ஒத்த பிற பள்ளிகளைவிட வாசிப்பில் 6.22 சதமானப் புள்ளிகளும் கணிதத்தில் 2.87 சதமானப் புள்ளிகளும் முன்னே இருந்தன. சதமானம் என்பது எல்லோரையும் நூறு படிகளில் வரிசைப்படுத்தி ஒருவரின் இடத்தைச் சொல்லும் அளவு. செலவு ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 42 டாலர். மாவட்ட வரவுசெலவில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. இந்தத் தொகையில் இவ்வளவு பெரிய அளவில் பயன் தரும் ஏற்பாடுகள் கல்வித் துறையில் அதிகமில்லை. இருந்தும் இது எல்லா இடங்களிலும் பரவாததற்கு, பலன் தெரிய மூன்று ஆண்டுகள் ஆவதும் வாரியத் தேர்தல்கள் அதற்கு முன்பே வந்துவிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரே ஆள் கைகொடுப்பவராகவும் மதிப்பெண் போடுபவராகவும்

மேற்பார்வையாளர் இருக்கும் மாவட்டங்களில் பெரும்பாலும் அவரே முதல்வருக்கு ஆண்டு மதிப்பீடும் எழுதுகிறார். தன் பள்ளியில் எது சரியாக நடக்கவில்லை என்று முதல்வர் மனம்விட்டுச் சொல்ல வேண்டியதும் அவரிடம்தான். வேலையை முடிவுசெய்யும் ஆளிடம் குறையை ஒப்புக்கொள்ள யாருக்கும் தயக்கம் இருக்கும். மதிப்பீட்டைத் தனியே பிரித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் பள்ளிக்குள் அடிக்கடி வராதவர் எழுதும் மதிப்பீடு வெறும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எழுதியதாகிவிடும். நடைமுறையில் ஓரளவு உதவுவது, எதை வைத்து மதிப்பிடப் போகிறோம் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே இருவரும் எழுதி வைத்துக்கொள்வதும், உரையாடல்களின்போது ஒப்புக்கொண்ட குறையை மதிப்பீட்டில் குற்றமாக்காமல், அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதையே எடுத்துக்கொள்வதும்.

பணம், சட்டம், வாரியம்

பள்ளி நிதியில் கூட்டரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்று அளவே. மற்றது மாநிலமும் உள்ளூர் வரியும். ஆனால் முதல்வர்களுக்கான செலவுக்குக் கூட்டரசுச் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2015-இல் நிறைவேறிய ‘ஒவ்வொரு மாணவரும் வெற்றிபெறுவர்’ சட்டம், ஆசிரியர் தரத்துக்காக மாவட்டங்களுக்குப் போகும் தொகையிலிருந்து மாநிலங்கள் கூடுதலாக 3 விழுக்காடு வரை முதல்வர்களுக்காகவும் பிற பள்ளித் தலைவர்களுக்காகவும் ஒதுக்க அனுமதிக்கிறது. அதே சட்டம், வறுமைப் பகுதிகளுக்கான கூட்டரசு நிதியைப் பெறும் பள்ளிகளில் மிகவும் பின்தங்கிய 5 விழுக்காட்டை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அடையாளம் காண வேண்டும் என்கிறது.

பணத்தைவிடக் கிடைப்பதற்கு அரிது நிலையான ஆதரவு. புதிய வாரியமோ புதிய தலைமை நிர்வாகியோ வந்ததும் முந்தையவர் தொடங்கியதை நிறுத்திவிட்டுப் புதுப் பெயரில் ஒன்றைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. ஆண்டுக்கொரு திட்டத்தைப் பார்த்துப் பழகிய முதல்வர்கள் எதையும் முழு மனதோடு எடுத்துக்கொள்வதில்லை. இதுவும் போய்விடும் என்று காத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிறிய மாவட்டங்கள் என்ன செய்வது

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் பெரிய மாவட்டங்களைப் பற்றியவை. நாலைந்து பள்ளிகளே உள்ள ஊரக மாவட்டத்தில் மேற்பார்வையாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தலைமை நிர்வாகியே அந்த வேலையையும் பார்க்கிறார், சில இடங்களில் அவரே ஒரு பள்ளிக்கு முதல்வராகவும் இருக்கிறார். அங்கே மேற்பார்வைச் சுமை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் வரவுசெலவு, கட்டடம், வாரியக் கூட்டம் எல்லாம் அதே ஆள் தலையில்.

இதற்குப் பல மாநிலங்களில் வட்டாரச் சேவை அமைப்புகள் இருக்கின்றன. டெக்சாஸில் 20 வட்டாரக் கல்விச் சேவை மையங்களும், நியூயார்க் மாநிலத்தில் போசெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் 37 கூட்டுறவு அமைப்புகளும் தனியாகச் செய்ய முடியாதவற்றைப் பல மாவட்டங்களுக்குச் சேர்த்துச் செய்கின்றன. இத்தகைய அமைப்பின் வழியாக ஏழெட்டுச் சிறு மாவட்டங்கள் சேர்ந்து, அனுபவமுள்ள முன்னாள் முதல்வர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொள்ள முடியும். அவர் ஒவ்வொரு பள்ளிக்கும் முறை வைத்து வருவார். வகுப்பறைகளுக்கு முதல்வரோடு போவார். மதிப்பீடு எழுதும் அதிகாரம் அவருக்கு இருக்காது, அது உள்ளூர்த் தலைமை நிர்வாகியிடமே இருக்கும். பெரிய மாவட்டங்களைத் திணறவைக்கும் அந்த இரட்டை வேடச் சிக்கல், ஆள் பற்றாக்குறை காரணமாக இங்கே தானாகவே பாதி தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு, வழிகாட்டியிடம் முதல்வர் சொன்னது எதுவும் தலைமை நிர்வாகியிடம் போகாது என்பதை மூவரும் முதல் நாளிலேயே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.